பெரியப்பாவின் ஜாஸ் செட்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து எங்களைப் பயமுறுத்திக் கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மூத்த மாணவர்களே, என் வகுப்புத் தோழர்களே, சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் இந்நாள் மாணவ மாணவியரே! 

செயலாளர் எனக்கு அனுப்பிய கடிதத்தில் ‘தொழில்நுட்பமும் மாறிவரும் உலகமும்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஒரு டிரம்மைப் பற்றிப் பேசப் போகிறேன். மேசைமேல் வேட்டி போட்டு மூடி வைத்திருக்கிறேனே, அது இனிப்புப் பாத்திரம் என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் சொந்த ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலை அடிவாரம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் படித்தவர்கள் ‘ஓ, காவலூர் பக்கமா?’ என்பார்கள். வைணு பாப்பு வானாய்வகம் எங்களுக்கு மேலே மலையில் இருப்பதால் வந்த பெருமை அது. என் பெரியப்பாவுக்கு அங்கே கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. அது பகலில். ராத்திரியில் அவர் ஜாஸ்காரர். டிரம் செட்டுக்கு எங்கள் பக்கத்தில் ‘ஜாஸ்’ என்றுதான் பெயர். அமெரிக்காவில் ஜாஸ் என்றால் ஓர் இசை. ஆலங்காயத்தில் அது நாலு டிரம்மும் ரெண்டு தட்டும். ஆடி மாதம் வந்தால் வாணியம்பாடி, திருப்பத்தூர், போளூர், செங்கம் என்று மாரியம்மன் கோயில் கச்சேரிகள்; தை, மாசியில் கல்யாணங்கள். விடியற்காலை நாலு மணிக்கு டெம்போவில் வந்து இறங்கி, ஒன்பதரைக்குக் குளித்து, விபூதி பூசி, வங்கி லெட்ஜரைத் திறந்து விடுவார். அந்த லெட்ஜரில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை என்று அவரே சொல்லுவார். நான் சரிபார்க்கவில்லை.

அவரிடம் இருந்த சாமான்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது.

முதலாவது ஒரு சைடு டிரம். அடியில் சுருள்கம்பி கட்டி, தட்டினால் ‘சர்ர்’ என்று சிரிக்கிறதே, அது. பிரிமியர் கம்பெனி, இங்கிலாந்து. 1922இல் லண்டனில் ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபின் லெஸ்டருக்குப் போன கம்பெனி. பெரியப்பா இதை 1974இல் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கினார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனது. ‘நான் வாங்கலைன்னா இதுவும் எரிஞ்சிருக்கும்டா’ என்பது அவர் வாதம். பதினோரு வருஷம் அது அங்கேயே விற்காமல் கிடந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

இரண்டாவது, ஒரு பேஸ் டிரம்மும் இரண்டு டாம்களும். இவை மீரட் சரக்கு. வட இந்தியாவில் கல்யாண பேண்டு வாத்தியங்களுக்கு மீரட்தான் தலைநகரம். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சீமைச் சரக்கின் பக்கத்தில் மீரட் சரக்கை வைத்தால் வண்ணமும் சேராது, உயரமும் சேராது. எங்கள் ஊர்க் கச்சேரியில் அதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஒரு சிம்பல். ஜில்ஜியன். 1623இல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியர் குடும்பம் தொடங்கிய தொழில். அந்தப் பெயரே தட்டு செய்பவர் மகன் என்ற பொருளில் வந்தது. நூற்றுக்கு எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். நம்மூர்க் கோயில் மணியும் ஜால்ராவும் செய்கிற வெண்கலத்துக்குக் கிட்டத்தட்ட அதே கலவைதான்.

பெரியப்பாவின் சிம்பலில் ஓரத்தில் ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசலின் நுனியில் சின்னதாக ஒரு துளை. சிறு வயதில் ஆணி அடித்த ஓட்டை என்று நினைத்தேன். மூன்றாம் ஆண்டில் நம் பேராசிரியர் (இதோ முன்வரிசையில் இருக்கிறார்) விரிசல் நுனியில் தகைவு குவிவதைப் பற்றியும், நுனியில் வட்டத் துளையிட்டால் விரிசல் மேலே ஓடாமல் நிற்பதைப் பற்றியும் பாடம் எடுத்தார். விமானத் தகட்டில் செய்வது அது. லீவில் ஊருக்குப் போய், ‘இதை யார் உங்களுக்குச் சொன்னாங்க பெரியப்பா?’ என்று கேட்டேன். ‘இன்னாடா யார் சொல்றது? ஓடிக்கினே இருந்துச்சு. முன்னாடி போய் ஒரு ஓட்டை போட்டேன். நின்னுச்சு’ என்றார். அந்தப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்போது தோல் விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

டிரம்முக்கு மேலே இருக்கிற பரப்பு இன்று பிளாஸ்டிக். 1957இல் லாஸ் ஏஞ்சலீஸில் ரெமோ பெல்லி என்பவர் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கி, மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தில் டிரம்முக்குப் பரப்புச் செய்து விற்றார். அதற்கு முன்னால் உலகம் முழுக்கக் கன்றுத் தோல்தான். மழை பெய்தால் தோல் தொய்யும், வெயில் அடித்தால் விறைக்கும். மைலாருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின் ஆயிரக்கணக்கான பையன்கள் டிரம் வாங்க ஓடினார்கள். அவ்வளவு பேருக்குத் தோல் கொடுக்கக் கன்றுகளும் போதாது, தோல் கட்டுகிற கைகளும் போதாது. பிளாஸ்டிக் ஜெயித்தது நியாயம்தான்.

பெரியப்பா மட்டும் தோலை விடவில்லை. ‘பிளாஸ்டிக்ல அடிச்சா சத்தம் வருது, தோல்ல அடிச்சா பேச்சு வருது’ என்பார். அவர் பேச்சில் கொஞ்சம் வசனம் கலக்கும், கச்சேரிக்காரர் இல்லையா.

தோலுக்கு நமக்கென்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நாடே அறிந்த தோல் ஊர்கள் எங்களைச் சுற்றி. ஆனால் அங்கேதான் வேடிக்கை. பதனிட்ட தோல் டிரம்முக்கு ஆகாது. ஆவாரம்பட்டையிலோ குரோமிய உப்பிலோ பதனிடும்போது தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி கட்டுப்பட்டு விடுகின்றன. அதனால்தான் செருப்பு வளைகிறது, நனைந்து காய்ந்தாலும் கெடுவதில்லை. டிரம்முக்கு வேண்டியது பச்சைத் தோல். சுண்ணாம்பில் ஊறி, முடி போய், சதை வழித்து, பதனிடுவதற்கு முன்னால் எடுத்து இழுத்துக் கட்டிக் காயவைத்தது. அப்போது நார்கள் ஒட்டிக்கொண்டு, தோல் கண்ணாடி மாதிரி விறைப்பாகும். தட்டினால் பேசுவது அந்த விறைப்பு. மழைக் காற்றில் தண்ணீரைக் குடித்துத் தொய்வதும் அதே தோல்தான். குணமும் குற்றமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ஆகவே பெரியப்பா தோல் ஷாப்புக்குப் போய், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஒரு நண்பரிடம் சொல்லி வைப்பார். ‘இதை மேல போக விடாதே, எனக்கு வெச்சிரு.’ வீட்டுக்குக் கொண்டு வந்து, தண்ணீரில் ஊறவைத்து, மர வளையத்தில் சுற்றி, ஸ்பூன் காம்பால் ஓரத்தை உள்ளே செருகி, டிரம்மிலேயே மாட்டி, லேசாக இழுத்து, நிழலில் இரண்டு நாள். மேல் பக்கத்துக்குத் தடித்த தோல், சுருள்கம்பி இருக்கிற கீழ்ப் பக்கத்துக்கு மெல்லிய தோல். பெரியம்மாவின் ஸ்பூன்கள் எல்லாம் காம்பு வளைந்துதான் இருக்கும்.

திருகுகளை இறுக்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டுத் திருகு. ஒன்றை இறுக்கினால் அடுத்து எதிர்ப்பக்கம். கார் சக்கரத்துக்கும் என்ஜின் தலைக்கும் போல்ட் இறுக்குகிற அதே வரிசை. ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் ஒரு விரற்கடை உள்ளே தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பார். எட்டு இடமும் ஒரே சுருதியில் சொன்னால்தான் விடுவார். அதற்கு அரை மணி நேரம் ஆகும். கச்சேரிக்காரர்கள் டெம்போவில் ஹாரன் அடிப்பார்கள். பெரியப்பா ‘வெயில் கொஞ்சம் வரட்டும்’ என்பார். மலையிலிருந்து இறங்குகிற பனி தோலில் ஏறியிருக்கும். வெயில் வராவிட்டால் பறைக்காரர்கள் மாதிரி வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவார். கச்சேரி முடிந்ததும் முதல் வேலை திருகைத் தளர்த்துவது. ஈரத்தில் இறுக்கியதை அப்படியே விட்டால், காய்ந்ததும் கிழியும்.

அவருக்குத் தெய்வங்கள் சென்னையில் இருந்தார்கள். சினிமாப் பாட்டை ரேடியோவில் கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டுப் பின்னால் கேட்கச் சொல்லுவார். நோயல் கிராண்ட் என்று ஓர் ஆங்கிலோ இந்திய டிரம்மர்; அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பெரிய கை. ரேடியோவில் பாடகர் பெயர் சொல்லுவார்கள், இசையமைப்பாளர் பெயர் சொல்லுவார்கள். அடித்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெரியப்பா கச்சேரிக்குச் சென்னைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தார். சிவமணியை இன்று எல்லோருக்கும் தெரியும். வாளி, தண்ணீர் கேன், சூட்கேஸ் என்று எது கிடைத்தாலும் வாசிப்பவர். அவரே தனக்கு ஊக்கம் தந்தவர் என்று சொல்லுவது நோயல் கிராண்ட் பெயரைத்தான்.

சரி, இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

1985இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி ஆக்டோபேட் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. எட்டு ரப்பர் கட்டம். தட்டினால் வேறொரு கருவியிலிருந்து எந்தச் சத்தம் வேண்டுமோ அந்தச் சத்தம். பின்னால் வந்த மாடல்களில் சத்தங்களும் உள்ளேயே இருந்தன. தபேலா, டோலக், டும்பா, பாங்கோஸ், ஜாஸ் என்று ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நின்றால் போதும். மெல்லிசைக் குழுக்களுக்கு இது வரமும் சாபமும். டெம்போ வாடகை மிச்சம், சாப்பாட்டு இலை மிச்சம். ஐந்தில் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். பெரியப்பாவின் குழுவுக்கும் ஒரு பேட் வந்தது. முதலில் இரண்டு டாமை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், அப்புறம் பேஸ் டிரம்மை. கடைசியில் ‘அண்ணே, நீங்க வந்து முன்னால உட்காருங்க, மரியாதையா இருக்கும்’ என்றார்கள். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

2009. நான் இங்கே நான்காம் ஆண்டு மாணவன். மெக்கானிக்கல் படித்துக்கொண்டே பாதி நேரம் எலக்ட்ரானிக்ஸ் விடுதி அறையில் இருப்பேன். கலைவிழாவுக்கு ஒரு வேலை செய்தேன். பெரியப்பாவின் செட்டை முழுதாக ஒலிப்பதிவு செய்து, பேட்டில் ஏற்றுவது. கார்த்திகை மாதம், ஒரு சனி, ஞாயிறு. கடன் வாங்கிய மைக் இரண்டு, ஒரு லேப்டாப். எங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லாவற்றையும் பரப்பினேன். விநாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட். மெல்ல ஓர் அடி, நடுத்தரமாக ஓர் அடி, ஓங்கி ஓர் அடி என்று ஒவ்வொரு டிரம்முக்கும்.

பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ‘மழைக் காத்தா இருக்குது தம்பி. ரெண்டு நாள் கழிச்சு வெச்சுக்கலாமா? வெயில் வரட்டும்.’

‘திங்கட்கிழமை கிளாஸ் இருக்கு பெரியப்பா. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்’ என்றேன்.

அந்த வருஷம் கலைவிழாவில் அந்தச் சத்தங்களை வைத்துத்தான் வாசித்தோம். இங்கே சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கைத்தட்டல் கிடைத்தது, ஒரு கேடயமும் கிடைத்தது. லீவில் பேட்டை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ‘உங்க செட்டு மொத்தமும் இதுக்குள்ள இருக்கு பெரியப்பா. இனிமே எதையும் தூக்கிக்கினு அலைய வேண்டாம்.’ அவர் நாலு தட்டு தட்டிப் பார்த்தார். ‘நல்லா இருக்குதுடா’ என்றார். அவ்வளவுதான்.

2014இல் வீட்டை இடித்துக் கட்டினோம். நான்தான் முன்னின்று செய்தேன், சம்பாதிக்கிற திமிர். பரண் காலி செய்ய வேண்டும். அந்தப் பேஸ் டிரம்மையும் இரண்டு டாமையும் பழைய சாமான்காரருக்கு எடை போட்டேன். தகடு, கம்பி, நட்டு எல்லாம் சேர்த்து என்ன வந்ததோ, அதில் அன்று ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததாக ஞாபகம். சிம்பலும் அதோடு போனது, துளையோடு. சைடு டிரம் மட்டும் தப்பியது. குடியரசு தினத்துக்குப் பேண்டு வாசிக்கப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெரியப்பா அன்று சாயங்காலம் வங்கியிலிருந்து வருகிற நேரத்துக்கு வழக்கம் போல வந்தார். அப்போது அவருக்கு ஓய்வு கிடைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. நூலகத்துக்குப் போய் வருவார். பரண் இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சத்தங்கள் இருக்கின்றனவே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2021இல், கொரோனாவில் ஊரே அடங்கிக் கிடந்தபோது, நான் வீட்டிலிருந்தே வேலை. என் வேலை என்ன தெரியுமா? வண்டிகளில் சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பது. பெரியப்பா வாழ்நாள் முழுக்கச் சத்தம் உண்டாக்கினார்; நான் அதைக் குறைத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு நாள் மாலை பழைய பேட்டைத் தூசி தட்டி எடுத்து அவருக்குக் கொடுத்தேன். வாசித்தார். எழுபது வயது, கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கணக்குத் தப்பவில்லை. பத்து நிமிஷம் வாசித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

‘டேய் தம்பி, இது அன்னிக்கு மழையில எடுத்தது. தோல் தொங்கிப் போய் இருந்துச்சு. அதையா இத்தனை வருஷமா வெச்சினு இருக்கே?’

கோபமாகச் சொல்லவில்லை, நண்பர்களே. வீட்டுக்கு வந்தவருக்கு ஆறிப்போன காபியைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்துகிற மாதிரிச் சொன்னார். அவருடைய வாத்தியம் தன் மோசமான நாளில் என்ன பேசியதோ, அது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. நல்ல நாளில் அது பேசியதை எடுக்க இனி வாத்தியமே இல்லை.

அன்று இரவு நான் செய்தது, படித்தவன் செய்கிற வேலை. புத்தகத்தை எடுத்தேன். வட்டப் பரப்பின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்கு. ஈரம் ஏறினால் இழுவிசையும் குறைகிறது, தோலின் எடையும் கூடுகிறது. இரண்டும் சுருதியைக் கீழே தள்ளுகின்றன. சுருதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். ஆனால் தொங்கிய தோல் அதிர்வை எப்படி விழுங்கியது என்பதை மாற்ற முடியாது. அதுவும் பதிவாகிவிட்டது.

இன்னொன்றும் படித்தேன். சாதாரண டிரம் ஏன் பாட்டோடு சேர்ந்து பாடுவதில்லை? வட்டப் பரப்பின் அதிர்வுகள் ஒன்றுக்கு 1.59, 2.14, 2.30 என்று பிசகிய விகிதத்தில் இருக்கின்றன. வீணைத் தந்தியில் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக வரும். சர் சி.வி.ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழிலும், பின்னர் 1934இல் தாமே நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் வெளியீட்டிலும் இதைப் பற்றி எழுதினார். நம் மிருதங்கத்திலும் தபேலாவிலும் நடுவில் இருக்கிற கறுப்புச் சோறு, பரப்பின் எடையை மையத்தில் கூட்டி, அந்தப் பிசகிய விகிதங்களை இழுத்துக் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காக்குகிறது. ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாக ஒன்று சேர்கின்றன. தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தார்.

ராமன் விளக்கினார். செய்தவர்கள் வேறு. தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பாலக்காடு மணி அய்யர், மிருதங்க வித்வான்களில் முதன்முதலாக 1966இல் சங்கீத கலாநிதி பெற்றவர், தம் வாத்தியத்துக்காக அந்தக் குடும்பத்துப் பர்லாந்தோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர். ஆடு, மாடு, எருமை என்று மூன்று தோல். பலா மரக் கட்டை. கிட்டான் கல்லைப் பொடி செய்து சோற்றோடு பிசைந்து, படலம் படலமாக அப்பி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற கரணை. வாசிக்க வாசிக்க அது தேயும், விரியும். மறுபடி போட வேண்டும். இடந்தலையில் ரவையைக் கச்சேரிக்குக் கச்சேரி அப்ப வேண்டும். செய்து முடித்தாயிற்று என்று எடுத்து வைக்கிற பொருளாக எந்தக் காலத்திலும் அது இருந்ததில்லை. செய்தவர்கள் பெயர் கச்சேரி நோட்டீஸில் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரேடியோவில் டிரம்மர் பெயர் இல்லாததற்கே பெரியப்பாவுக்கு அவ்வளவு வருத்தம். தோல் கட்டியவர் பெயருக்கு எங்கே போவது?

அதற்கடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை பெரியப்பாவைக் காவலூருக்கு அழைத்துப் போனேன். வாழ்நாளெல்லாம் அடிவாரத்தில் இருந்தும் அவர் போனதில்லை. அங்கே 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் பிரபலம். அவருக்குப் பிடித்தது 1972இல் வந்த ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி. 1977இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய நோக்கல்களில் அதற்கும் பங்கு உண்டு. இத்தனை வருஷமாக எப்படி ஓடுகிறது என்று கேட்டார். ஆடியின்மேல் இருக்கிற அலுமினியப் பூச்சு மங்கும்போது அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள், ஆடி அதே ஆடிதான் என்று அங்கே விளக்கினார்கள். பெரியப்பா என் பக்கம் திரும்பி, ‘தோல் மாத்தறாங்கடா’ என்றார். கீழே இறங்குகிற வரைக்கும் வேறெதுவும் பேசவில்லை.

அதன் பிறகுதான் பள்ளியிலிருந்து திரும்பி வந்து கட்டிலுக்கடியில் கிடந்த இந்தச் சைடு டிரம்மை வெளியே எடுத்தோம்.

எட்டுத் திருகில் மூன்று இல்லை. கடையில் கிடைக்கிற மெட்ரிக் திருகு எதுவும் ஏறவில்லை. பழைய பிரிட்டிஷ் டிரம்களோடு இதெல்லாம் உண்டு. சில அளவுகளில் அவர்களுடைய டாம்கள் இன்றைய சர்வதேச அளவைவிடச் சற்றுப் பெரியவை, புதுத் தோலும் உட்காராது. வாணியம்பாடியில் ஒரு லேத் பட்டறையில் மாதிரியைக் கொடுத்து மூன்று திருகு கடைந்தோம். பட்டறைக்காரர் இரண்டாவது தடவையில் சரியாகப் போட்டார். முதல் தடவை தப்பானது என் வரைபடத்தால். மரை அளவை நான் தப்பாக எடுத்திருந்தேன். கீழே இருக்கிற சுருள்கம்பியில் நாலு இழை துருப்பிடித்து அறுந்திருந்தது. பெரியப்பா அந்த நாலையும் வெட்டிவிட்டார், மற்றது போதும் என்று. முலாம் உரிந்த இடத்தைப் பாலிஷ் போடலாமா என்றேன். ‘அது இன்னா பண்ணுது உன்னை?’ என்றார். விட்டுவிட்டேன்.

தோல்தான் கஷ்டம். சுண்ணாம்புக் குழி நண்பர் இப்போது இல்லை. அலைந்து திரிந்து ஒரு தோல் கிடைத்தது. இந்த முறை ஊறவைத்துச் சுற்றிச் செருகியது நான், ஸ்பூன் காம்பால். முதல் தோலைக் கிழித்தேன். அதிலிருந்த மிச்சத்தில் மெல்லிய பக்கம் மட்டும் சரியாக வந்தது. ஆகவே உங்கள் முன்னால் இருக்கிற இந்த டிரம்மில் கீழே தோல், மேலே பிளாஸ்டிக். பாதிக் கிணறு.

(இந்த இடத்தில் வேட்டியை விலக்கி, டிரம்மைத் தட்டிக் காட்டினேன். முதல் தட்டுக்கு அரங்கில் பேச்சு நின்றது; இரண்டாவது தட்டுக்குப் பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். அதை அச்சில் ஏற்ற வழி தெரியவில்லை.)

இப்போது கேட்டீர்களே, அது இந்த அரங்கத்து ஏசியில் இருக்கிற சத்தம். காலையில் விடுதி வராந்தாவில் வேறு மாதிரி இருந்தது. பெரியப்பா கிளம்பும்போதே சொன்னார்: ‘ஏசி பஸ்ல கொண்டு போகாதே, விறைச்சுடும். போனா இறக்கி வை.’ நான் ஏசி பஸ்ஸில்தான் வந்தேன். ஆனால் இறக்கி வைத்தேன்.

அவரும் வந்திருக்க வேண்டியது. முழங்கால் வலி, மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்றார். இதை யாராவது செல்போனில் எடுத்து அனுப்பினால் கேட்கிறேன் என்றார். எடுத்தவர்கள் எனக்கு அனுப்புங்கள். மேலே இருப்பது பிளாஸ்டிக் என்று முதல் தட்டிலேயே சொல்லிவிடுவார், அது பரவாயில்லை.

இந்நாள் மாணவர்களில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள், இசைக்குழு வைத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களில் யாருடைய வீட்டுப் பரணிலாவது இப்படி ஒன்று இருந்தால், எடை போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். பேட் வாசிக்கிறவர்கள் தாராளமாக வாசியுங்கள். நானும் இன்னும் வாசிக்கிறேன். பதிவு செய்யப் போகும்போது மட்டும், வாத்தியக்காரர் இரண்டு நாள் பொறு என்றால் பொறுங்கள். திங்கட்கிழமை கிளாஸை நம் பேராசிரியர்கள் மன்னிப்பார்கள். (இல்லை என்று தலையாட்டுகிறார்கள். சரி, அதை நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.)

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக் கொள்கிறேன். நம் சங்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கிறவர்கள் நான்கைந்து பேராவது இருப்பீர்கள். எனக்கு ஒரு கன்றுத் தோல் வேண்டும். பதினெட்டு அங்குல அகலம் போதும், கீறல் இல்லாமல், கொஞ்சம் தடிப்பாக. சுண்ணாம்பிலிருந்து எடுத்ததும், குரோமியத்துக்குப் போவதற்கு முன்னால் தனியே வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது பந்தியில் இருப்பேன். தை பிறந்து வெயில் வருவதற்குள் கிடைத்தால் நல்லது.